ஓர் ஓட்டால் ஆவது என்ன?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

"நான் ஒருவன் போடாவிட்டால் ஆட்சி கவிழ்ந்துவிடுமா?" என்று கேட்பவர்கள் நம் கல்லூரியிலும் உண்டு. இக்கேள்வியை ஒரு கோட்பாடாகவே வகுத்தவர் அமெரிக்கப் பொருளியலறிஞர் அந்தோணி டவுன்ஸ். 1957-இல் வெளியான அவரது நூலின்படி, மனிதன் எதிலும் இலாப நட்டம் பார்ப்பவன். இலட்சக்கணக்கான ஓட்டுகள் விழும் தொகுதியில் ஒரே ஓட்டு முடிவை மாற்றும் வாய்ப்பு ஏறத்தாழச் சுழியம். அலைச்சலோ உறுதி. ஆகவே வீட்டில் இருப்பதே அறிவுடைமை!

கணித மாணவன் என்ற முறையில் இக்கணக்கில் எனக்குப் பிழை தெரியவில்லை. ஆனால் விடை நடப்போடு பொருந்தவில்லையே! 2019 மக்களவைத் தேர்தலில் நூற்றுக்கு 67 பேர் வாக்களித்தனர். அத்தனை கோடிப் பேருக்கும் கணக்குத் தெரியாது என்று சொல்லலாமா?

1968-இல் ரைக்கர், ஆர்டெஷூக் என்னும் இருவர், கடமையைச் செய்த மனநிறைவு என்ற ஓர் உறுப்பைச் சமன்பாட்டில் சேர்த்தனர். விடை வரவேண்டும் என்பதற்காக உறுப்பைச் சேர்த்தால் அது தீர்வாகுமா? அக்கடமையுணர்வு எங்கிருந்து வந்தது என்பதல்லவா கேள்வி?

மிச்சிகன் மாநிலத்தில் 2006-இல் ஒரு சோதனை நடந்தது. வாக்களித்தவர் யார், வாக்களிக்காதவர் யார் என்பதை அண்டை வீட்டாருக்கும் தெரிவிப்போம் என்று சிலருக்குக் கடிதம் அனுப்பினர். கடிதம் பெறாதவர்களில் சுமார் 30 விழுக்காட்டினர் வாக்களித்தனர், பெற்றவர்களில் 38. நாலு பேருக்கு நடுவில் வாழ்பவன்தானே மனிதன்! நம் நாட்டில் 2009 தேர்தலின்போது பல மாநிலங்களில் ஆய்வு நடத்திய மானிடவியலாளர் முகுலிகா பானர்ஜி, வாக்குச்சாவடியில் கிடைக்கும் சமத்துவத்தை எளிய மக்கள் பெரிதாக மதிப்பதை எடுத்துக்காட்டினார்.

இதை அறிய எனக்கு நூல் தேவைப்படவில்லை. கூலி வேலை செய்யும் என் தாயார் தேர்தலன்று வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்பார். மற்ற நாட்களில் அவரை ஒதுங்கி நிற்கச் சொல்பவரும் அன்று அவருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். அந்த மதிப்பை எந்த இலாபக் கணக்கில் எழுதுவது?

ஆனால் ஓட்டோடு குடிமகன் கடமை முடிந்துவிடுவதில்லை. மக்கள் பொது வாழ்விலிருந்து விலகி நிற்பதற்கு வெர்பா முதலிய மூவர் 1995-இல் மூன்று காரணங்கள் கூறினர்: இயலாமை, விருப்பமின்மை, அழைப்பார் இல்லாமை. மூன்றாவதைப் போக்குவது நம் கையில் உள்ளது. ஆகஸ்ட் 15-லும் அக்டோபர் 2-லும் நம் ஊர்களில் கிராம சபை கூடுகிறது. விடுமுறைக்குச் செல்லும் நாம் அங்கே போய் அமர்வோம். அண்டை வீட்டார் ஒருவரையாவது அழைத்துச் செல்வோம். அவர் சொல்லும் குறையை மனுவாக எழுதிக் கொடுக்கவாவது நம் படிப்பு பயன்படட்டும்!