சளியா, கோழையா?



மூன்று வாரமாக எனக்கு விடாத இருமல். மருத்துவமனையில் சின்ன டப்பா கொடுத்து, "சளி எடுத்து வாங்க ஐயா" என்றார்கள். துப்பிக் கொடுத்தேன். "இது எச்சில், செல்லாது" என்று திருப்பிவிட்டார்கள். காலமெல்லாம் தமிழ் நடத்திய எனக்கே இந்தக் கதி!

நமக்கு ஜலதோஷமும் சளி, மூக்கில் ஒழுகுவதும் சளி, நெஞ்சில் கட்டுவதும் சளி. காசநோய்ச் சோதனைக்கு வேண்டியது நெஞ்சிலிருந்து இருமி எடுப்பது. என் பாட்டி அதைக் 'கோழை' என்பார். பயந்தாங்கொள்ளிக்கும் அதே சொல் என்பதால் நாம் விட்டுவிட்டோம் போலும். டப்பாவில் 'நெஞ்சுக் கோழை' என்று எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது.

இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்கவில்லையா? அரசு மருத்துவமனையில் சோதனை இலவசம். ஆழ மூச்சிழுத்து, இருமிக் கொடுங்கள். எச்சிலைக் கொடுத்துவிட்டு, நோயில்லை என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.