ஊசியும் எண்ணெயும் இருக்கட்டும், மலையில் மலசலகூடம் எங்கே?

சம்பளம் போடுகிற வாரத்தில் டவுனுக்குப் போய் வரும் நம் பெண்களின் கையில் இப்போது ஒரு நோட்டீஸ் இருக்கிறது. அக்குபங்சர், அக்குபிரஷர், மூலிகை எண்ணெய் மசாஜ் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கர்ப்பப்பைக் கட்டி, வெள்ளைபடுதல், நீர்க்கடுப்பு, கர்ப்பப்பை இறக்கம், பிள்ளையில்லாக் குறை, ஆண்களின் மூத்திரக் கோளாறு எல்லாமே ஆபரேஷன் இல்லாமல் குணமாகுமாம். பத்து, பதினைந்து தடவை வரச் சொல்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் பேர் போகிறது, பஸ் காசு போகிறது, சிகிச்சைக் காசும் போகிறது. இதற்காகத் தோட்டை அடகு வைத்த வீடுகளும் நம் லயங்களில் உண்டு.

இதை மூடநம்பிக்கை என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போக நம்மால் முடியாது. தோட்ட டிஸ்பென்சரியில் வரிசையில் நிற்கும் பத்துப் பேருக்கும் கேட்கும்படி எந்தப் பெண் தன் அடிவயிற்று நோயைச் சொல்வாள்? அங்கே கதவைச் சாத்திக்கொண்டு, "எத்தனை நாளாக அம்மா இப்படி இருக்கிறது?" என்று தமிழில் கேட்கிறார்கள். பாதி வலி அந்தக் கேள்வியிலேயே குறைகிறது. நம் பெண்கள் ஏமாளிகள் அல்ல. கேட்க ஆள் இல்லாததால்தான் கேட்கிற இடத்தைத் தேடிப் போகிறார்கள்.

அக்குபங்சரும் நம் நாட்டுக்குப் புதிதல்ல. களுபோவில அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் அன்ரன் ஜயசூரிய பல வருடங்கள் இந்தச் சிகிச்சையை நடத்தினார். வெளிநாட்டு வைத்தியர்கள் அங்கே வந்து கற்றுக்கொண்டு போனார்கள். ஆகவே இது நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. எந்த நோய்க்கு உதவும், எதற்கு உதவாது என்றுதான் கேட்க வேண்டும்.

இருமும்போதும் பாரம் தூக்கும்போதும் மூத்திரம் கசிகிற நோயைப் பாருங்கள். சீனாவில் 504 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2017இல் வெளிவந்தது. இடுப்பின் கீழ்ப்பகுதியில் ஊசி குத்தி, அதில் மெல்லிய மின்சாரம் செலுத்தி, 6 வாரத்தில் 18 தடவை சிகிச்சை கொடுத்தார்கள். போலி ஊசி போட்டவர்களைவிட இவர்களுக்குக் கசிவு கூடுதலாகக் குறைந்தது. நாட்பட்ட புரொஸ்டேட் வீக்கத்தால் அடிவயிற்று வலி பட்ட 440 ஆண்களிடம் நடந்த ஆய்விலும், 8 வாரத்தில் 20 தடவை ஊசி போட்டதில் பலன் தெரிந்தது. மசாஜும் அப்படித்தான். கொழுந்து சுமந்து இறுகிப்போன இடுப்புக்கும் முதுகுக்கும், மாதவிடாய் வலிக்கும், அது ஆறுதல் கொடுக்கும்.

பிள்ளை வேண்டும் என்று போகிறவர்களுக்கு வேறு கணக்கு. சினைப்பையில் நீர்க்கட்டிகள் இருந்த 1,000 சீனப் பெண்களிடம் நடந்த ஆய்வில், அக்குபங்சரால் பிள்ளைப்பேறு கூடவில்லை. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சோதனைக்குழாய் முறைச் சிகிச்சை பெற்ற 848 பெண்களிடமும் இதே முடிவுதான் வந்தது. கர்ப்பப்பைக் கட்டியை எண்ணெய் தேய்த்துக் கரைக்க முடியாது. இறங்கிய கர்ப்பப்பையைப் பிசைந்து மேலே ஏற்றி நிறுத்தவும் முடியாது. நீர்க்கடுப்பு பெரும்பாலும் கிருமியால் வருவது. மூத்திரத்தைப் பரிசோதித்து, சரியான மருந்தைச் சில நாள் குடித்தால் தீர்ந்துவிடும். அதை விட்டுவிட்டு மாதக்கணக்கில் மசாஜுக்கு அலைந்தால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறும். கர்ப்பிணிக்கு வந்தால் குறைமாதப் பிரசவம் வரைக்கும் கொண்டுபோய்விடும்.

ஆகவே, சகோதரிகளே, சிலவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு விலாப்பக்கம் வலித்தால், மூத்திரத்தில் இரத்தம் வந்தால், மாதவிடாய் நின்ற பிறகோ உறவுக்குப் பிறகோ இரத்தம் பட்டால், வேறெங்கும் போகாமல் நேராக அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பிணியின் வயிற்றைப் பிசைய யாரையும் விடாதீர்கள். நச்சுக்கொடி விலகி இரத்தம் போகலாம். ஊசி போடுவதென்றால் உங்கள் கண்முன்னே புதுப் பக்கற்றைப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒருவருக்குப் போட்ட ஊசி இன்னொருவருக்குக் கல்லீரல் நோயைக் கொடுக்கும். 35 வயதானவர்கள் மிட்வைஃப்பிடம் கேட்டு, சுவநாரி கிளினிக்கில் கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். 1996 முதல் நடக்கும் இந்தக் கிளினிக்கில் காசு வாங்குவதில்லை.

காசில்லாத மருந்து இன்னொன்றும் உண்டு. மூத்திரத்தை அடக்குகிற தசையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, பிறகு தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்குப் பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. டாக்டர் ஆர்னல்ட் கீகல் 1948இல் எழுதிவைத்த பயிற்சி இது. மூன்று மாதம் விடாமல் செய்தால் கசிவு குறையும், ஆரம்பநிலைக் கர்ப்பப்பை இறக்கத்துக்கும் உதவும். இறக்கம் கூடியவர்களுக்குக் கர்ப்பப்பையைத் தாங்கும் வளையமும் ஆபரேஷனும் ஆஸ்பத்திரியிலேயே இருக்கின்றன.

இவ்வளவும் நோய் வந்த பிறகு செய்வது. நோய் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதுதான் சங்கத்தின் வேலை.

காலையில் மலைக்கு ஏறுகிற பெண்ணுக்கு மாலை வரை ஒதுங்க இடமில்லை. தேயிலைச் செடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் அட்டை, குளவி, ஆள் நடமாட்டம். அதனால் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறாள். குடித்தாலும் அடக்கிக்கொள்கிறாள். நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வர அதுவே போதும். நம் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளும் தாயைப் பார்த்து அதே பழக்கத்தைப் பழகுகிறார்கள்; வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தல் நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்பிப் போகிறது. பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பிய தாய் முதல் நாளே கொழுந்து மூட்டையைச் சுமந்து மேட்டில் ஏறுகிறாள். கர்ப்பப்பை இறங்காமல் என்ன செய்யும்?

கம்பனியும் நிர்வாகமும் இதை ஒவ்வொரு பெண்ணின் சொந்த நோயாகவே பார்க்கின்றன. நாம் அப்படிப் பார்க்கக்கூடாது. வேலையால் வந்த நோய் வேலைப் பிரச்சினைதான். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதி நிர்வாகத்திடம் கொடுப்போம்.

கொழுந்து நிறுக்கும் இடம் ஒவ்வொன்றின் அருகிலும் கதவும் தண்ணீரும் உள்ள மலசலகூடம் வேண்டும். ஒதுங்கப் போகிற பெண்ணைக் கங்காணி ஏசக்கூடாது. பிள்ளை பெற்று வந்த தாய்க்கு ஆறு மாதமாவது பாரம் சுமக்காத வேலை கொடுக்க வேண்டும். கிளினிக் போகிற நாளுக்கு முழுப் பேர் போட வேண்டும். டிஸ்பென்சரியில் திரை மறைத்த ஒரு மூலையும், தமிழ் பேசுகிற ஒரு பெண் உத்தியோகத்தரும் வேண்டும்.

இந்தப் பேச்சைப் பேச வெட்கப்படுகிற ஆண் தலைவர்களுக்கும் ஒன்று சொல்கிறோம். சந்தாப் பட்டியலில் பாதிக்கு மேல் பெண்களின் பேர்தான். சம்பளத்துக்காகக் குரல் உயர்த்துகிற நாம் மலசலகூடம் என்ற சொல்லை மட்டும் ஏன் மெதுவாகச் சொல்ல வேண்டும்? நம் பெண்கள் விரும்பினால் ஊசியும் போட்டுக்கொள்ளட்டும், எண்ணெயும் தேய்த்துக்கொள்ளட்டும். ஆனால் நிர்வாகம் கட்டித்தர வேண்டிய மலசலகூடத்துக்குப் பதிலாக அவர்களின் தோடு அடகுக்கடைக்குப் போவதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.