மடவைக்கு மூச்சு முட்டுது!

குட்டீஸ்... ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்றதும் கார், செல்போன் தொழிற்சாலைகள்தானே நினைவுக்கு வரும்? அங்கே கடல் கிடையாது. ஆனாலும், ஒரு கடலோர மீனின் வாழ்வு அந்த வட்டார ஏரிகளோடு பிணைந்திருக்கிறது!

அதன் பெயர், மடவை. 1758ல் 'முஜில் செஃபாலஸ்' என்று இதற்குப் பெயர் சூட்டியவர், சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ். முதுகில் இரண்டு துடுப்புகள் இருக்கும். முன் துடுப்பில் 4 முட்கள் இருக்கும்.

மடவை கடலில் முட்டையிடும். குஞ்சுகளோ, ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குள் நீந்தி வரும். பாசியையும், சேற்றில் மக்கிக் கிடப்பவற்றையும் தின்று வளரும். சென்னையில் அப்படி ஓர் இடம், அடையாறு முகத்துவாரம்.

சுமார் 42 கி.மீ. நீளமுள்ள அடையாறு, ஸ்ரீபெரும்புதூர் வட்டார ஏரிகளின் உபரி நீரால் உருவாகிறது. மழைநீர் வேகமாகப் பாய்ந்தால், முகத்துவாரத்தை அடைக்கும் மணல் விலகும். கடல் நீர் உள்ளே வரும். ஆனால், வழியெங்கும் சாக்கடை கலக்கிறதே! கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள், நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்து விடுகின்றன. அப்புறம் மீன்கள் எப்படி சுவாசிக்கும்? 2017ல் இந்த முகத்துவாரத்தில் ஏராளமான மீன்கள் செத்து மிதந்தன.

இங்குள்ள சிற்றோடைப் பகுதியில் 58 ஏக்கரைச் சீரமைத்து, 2011ல் தொல்காப்பியப் பூங்கா திறக்கப்பட்டது. நல்ல முயற்சிதான். ஆனால், கடைசியில் மட்டும் சுத்தம் செய்தால் போதுமா? ஆறு தொடங்கும் இடத்தில் ஆலைகளும் வீடுகளும் பெருகுகின்றன. அங்கேயே கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டும். ஏரிக் கால்வாய்களை அடைக்கக் கூடாது.

உங்கள் ஊர் ஏரி நிரம்பினால் தண்ணீர் எங்கே போகிறது? ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்களேன்!