வலி போனா குணமாயிடுச்சா?

பிசியோதெரபி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? கிரிக்கெட் மேட்ச் நடுவில் பையோடு மைதானத்துக்குள் ஓடி வருகிற ஒருவர். அதைத் தாண்டிக் கேட்டால், "மசாஜ் பண்ணுவாங்க, கரண்ட் வைப்பாங்க." அவ்ளோதான். உண்மையில் அந்த சிகிச்சையின் உயிர் பயிற்சியில் இருக்கிறது. சொல்லிக்கொடுத்தபடி நாமே தினமும் செய்ய வேண்டியது. அதனாலேயே அதைப் பாதியில் விடுவது நமக்கு ரொம்ப ஈஸி.

நம்ம கிரவுண்டையே எடுத்துக்கோங்க. வாலிபால் ஆடும்போது கணுக்கால் மடங்குது. ஐஸ், ஸ்பிரே, கிரேப் பேண்டேஜ். வலி போனதும் மறுபடி ஆடப் போறோம். ரெண்டு மாசத்தில் அதே கால் மறுபடி மடங்குது. "ராசியில்லாத கால்டா!" ராசியெல்லாம் இல்லை. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் அந்த ஜவ்வில் இருக்கின்றன. சுளுக்கில் அவையும் அடிபடும். நம்ம பாஷையில் சொன்னா, மோட்டார் ஓடுது, ஃபீட்பேக் சரியா வரலை. ஒற்றைக் காலில் நிற்பது, கெண்டைக்கால் தசையை வலுவாக்குவது என்று சில வாரப் பயிற்சிதான் அதைச் சீராக்கும்.

கணுக்காலை அலட்சியம் செய்தால் போவது சில மேட்ச். பக்கவாதத்தில் போவது ஒரு மனுஷனோட நடை. எங்கள் தெருப் பெரியவர் ஒருவரின் டிஸ்சார்ஜ் தாளில் கடைசி வரி, பிசியோதெரபி. வீட்டில் மாத்திரையெல்லாம் நேரம் தவறாமல் கொடுத்தார்கள். அந்த வரியை மட்டும், "உடம்பு தேறட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டார்கள். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் பக்கவாதத்துக்குப் பின் உடம்பு வேகமாக மீள்வது முதல் மூன்று மாதங்களில். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான், பாதிக்கப்பட்ட பகுதியின் வேலையை மூளையின் மற்ற பகுதிகள் கற்றுக்கொள்கின்றன. இன்று அவர் பாத்ரூம் போகவும் ஒரு தோள் வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டு, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்.

"தினமும் கிளினிக் போக காசும் ஆளும் எங்கே?" நியாயமான கேள்வி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார்கள். சுகர், பிரஷர் மாத்திரை தரும் திட்டம் என்று மட்டுமே பலர் அதைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

மாத்திரை எத்தனை வேளை என்று டாக்டரிடம் ரெண்டு தடவை கேட்கிறோம். அதே மாதிரி, "எந்தப் பயிற்சி, தினம் எத்தனை தடவை, எத்தனை வாரம்?" என்றும் கேளுங்கள். உங்க வீட்டு மருந்து ஃபைலை இந்த வாரமே எடுத்து, கடைசி வரி வரைக்கும் படிச்சுப் பாருங்க.