அரைக் கிறிஸ்தவள் என்போருக்கு

வாதக்களம் ஏறுபவர் தம் கட்சி எதுவென முதற்கண் உரைத்தல் மரபு. நம் சங்கத்தின் வாதக் கூட்டங்களிற் சமயம் பற்றிய பேச்செழும் போதெல்லாம் என் கட்சி எதுவென வினவப்படுகின்றது. நான் விடையிறுத்ததும் அவையில் நகைப்பொலி எழுவதும் வழக்கமாகிவிட்டது. ஆதலின் நகைப்பொலி எட்டாத இவ்வேட்டின் பக்கங்களில் என்னை முறைப்படி அறிமுகஞ் செய்துகொள்ள விழைகின்றேன்.

புத்தளம் மாவட்டத்து முந்தல் என் ஊர். ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கப் பெண் நான். ஞாயிறு தவறாது பூசை காண்பவள். ஆயினும் வேதாகமத்தின் ஒவ்வோர் எழுத்தும் வானிலிருந்து சொல்லச் சொல்ல எழுதப்பட்டதென நான் கொள்ளவில்லை. உலகம் ஆறு நாளில் ஆயிற்றென்பதை வரலாறாகக் கருதவில்லை. திருச்சபைக்குப் புறம்பே நிற்போர் யாவரும் நரகத்துக்குரியர் என்பதை ஏற்கவில்லை. கிறிஸ்துவை விடவும் இல்லை.

இதைக் கேட்டதும் இரு திசைகளிலிருந்து கணைகள் பாய்கின்றன. "நம்பினால் முழுவதையும் நம்பு, அன்றேல் முழுவதையும் எறிந்துவிடு" என்கின்றார் நாத்திக நண்பர். "வேண்டியதைப் பொறுக்கி எடுக்க வேதம் என்ன சந்தைக் கடையா?" என்கின்றார் பக்தி மிகுந்த நண்பர். மற்றெல்லாவற்றிலும் எதிரெதிரே நிற்கும் இவ்விருவரும் என்னைப் பொறுத்தவரை ஒரே தீர்ப்பை வழங்குகின்றனர்: நான் அரைக் கிறிஸ்தவள். வேதத்தை எழுத்துக்கு எழுத்து வாசிப்பதே உண்மைக் கிறிஸ்தவம் என்பது இருவருக்கும் பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் பிழையானது என்பதே என் வாதம்.

நம் நாட்டு வரலாற்றை நோக்குவோம். பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1854 இல் 'சைவதூஷண பரிகாரம்' வெளியிட்டார். சைவரின் கிரியைகளைப் பழித்த பாதிரிமாருக்கு, யெருசலேம் ஆலயத்துக் கிரியைகளை அவர்தம் வேதத்திலிருந்தே எடுத்துக் காட்டினார். 1873 இல் பாணந்துறையில் நிகழ்ந்த பெருவாதத்தில், மிகெட்டுவத்தே குணானந்த தேரரும் வேதாகம வசனங்களையே ஆயுதமாக்கினார். மனிதனைப் படைத்ததற்காகக் கடவுள் மனம் வருந்தினார் என ஆதியாகமம் கூறுகின்றதே, முற்றுமறிந்தவர் பின்னர் வருந்துவதெங்ஙனம் என வினவினார். அயலவரின் நூல்களைக் கட்டுக்கதையென எள்ளி, தம் நூலை மட்டும் எழுத்தெழுத்தாய்ப் போற்றியவர்கள், தாம் நீட்டிய கோலாலேயே அளக்கப்பட்டனர். அவ்வளவில் நாவலரும் தேரரும் நியாயமே செய்தனர் எனக் கிறிஸ்தவளாகிய நான் ஒப்புக்கொள்கின்றேன்.

பக்தி மிகுந்த நண்பருக்கு ஒன்று கூறுவேன். எங்கள் களப்போரத்தில் இறால் பிடிப்பும் இறால் வளர்ப்பும் பலருக்குச் சோறிடுந் தொழில்கள். லேவியராகமத்தின் 11ஆம் அதிகாரமோ செட்டையும் செதிலும் இல்லாத நீர்வாழ் உயிர்களை அருவருப்பென விலக்குகின்றது. திருநாளன்று இறாற் கறி உண்ணும் தாங்கள் பொறுக்கி எடுக்கவில்லையா? "புதிய ஏற்பாடு அவ்விதியை நீக்கிற்று" என்பீர்கள். நன்று. அங்ஙனமாயின் வேதத்துக்குள்ளேயே பழைய விதியைப் புதிய ஒளியில் எடைபோட்டவர்கள் இருந்தனர் என்றாகின்றது. அடிமை முறைக்கு இடங்கொடுக்கும் வசனங்கள் இன்றும் வேதத்தில் உள்ளன. இன்று எந்தப் பீடத்திலிருந்து அவற்றை நியாயப்படுத்துவீர்கள்? எடைபோடுதல் துரோகமெனின், முதற் சீடர்களும் துரோகிகளே.

இஃது என் சொந்தக் கண்டுபிடிப்பன்று. வேதநூல்களை அவை எழுந்த காலத்தையும் இலக்கிய வகையையும் அறிந்து வாசிக்குமாறு பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1943 இலேயே பணித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் அதனை உறுதிப்படுத்தியதோடு, பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையும் எவற்றையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை எனவும் அறிவித்தது. குருமாணவர் வகுப்பறையிற் கற்கும் இவ்வுண்மைகள் மறைக்கல்வி வகுப்புக்கு வந்து சேராதது ஏன்? மக்கள் தாங்கமாட்டார் என்ற அச்சமா? களப்பில் வலைவீசிப் பிழைப்போரின் அறிவை இவ்வளவு தாழ்வாய் மதிப்பிட யார் உரிமை அளித்தார்? ஜென்மபாவக் கோட்பாட்டை வினவிய நம் நாட்டுக் குரு திஸ்ஸ பாலசூரிய, 1997 சனவரியிற் சபைவிலக்குக்கு உள்ளானார். ஓராண்டின் பின் அது நீக்கப்பட்டது. வினவுதலின் விலை யாதென நாங்கள் அறியாதவர்களல்லர்.

நாத்திக நண்பருக்கும் ஒரு சொல். மூடர் வாசிக்கும் முறையே உண்மையான வாசிப்பு எனத் தாங்கள் ஏன் அடம்பிடிக்கின்றீர்கள்? வெல்வதற்கு எளிய எதிரி வேண்டுமென்பதாலா? பாரதத்தை வாசிப்பவன், அதன் ஒவ்வொரு போரும் நிகழ்ந்ததா எனக் கணக்கிட்ட பின்னரா தருமத்தைப் பற்றிச் சிந்திக்கின்றான்?

இவ்வினாக்கள் எனக்குச் சொல் விளையாட்டல்ல. உடப்பு எங்கள் அயலூர். ஆடியில் அங்கே திரௌபதையம்மன் கோயிலிற் தீமிதிக்கும் குடும்பத்துப் பெண்ணொருத்தி என் பள்ளித்தோழி. அவள் நரகம் செல்வாளா என என் 14ஆம் வயதில் மறைக்கல்வி ஆசிரியையிடம் கேட்டேன். "அப்படிக் கேட்கக் கூடாது" என்பதே விடை. கேட்கக் கூடாத வினாவுக்குள்ளே ஒரு மனிதப்பிறவி நின்றாள் என்பதை அன்றே உணர்ந்தேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. ஆலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். வேதத்தைத் தம் வெறிக்கேற்ப எழுத்தாய் வாசித்தவர்களின் கொடுஞ்செயல் அது. மே 13இல் எங்கள் மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில், குற்றமேதும் செய்யாத முஸ்லிம் ஒருவர் தம் தச்சுப்பட்டறையிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 'என் அயலான் யார்?' என்ற பழைய வினா அந்த வாரங்களில் எங்கள் வாசற்படியில் வந்து நின்றது. அவ்வினாவுக்கு இயேசு தந்த விடையில் வருபவன் சமாரியன். யூதர் கண்ணிற் கொள்கை பிழைத்தவன். அடிபட்டுக் கிடந்தவனுக்கு எண்ணெய் வார்த்துக் காயங்கட்டியவன் அவனே. அவன் விசுவாசம் முழுதா அரையா என இயேசு அளக்கவில்லை.

வசதிக்காகப் பொறுக்குவதை நானும் வெறுக்கின்றேன். என் அளவுகோல் ஒன்றே: எவ்வாசிப்பு என்னை அயலானின் காயத்தருகே அழைத்துச் செல்கின்றதோ, அதை ஏற்பேன்; எது என்னை அப்பால் ஒதுங்கிப் போகச் செய்கின்றதோ, அதை மறுப்பேன். இவ்வளவுகோல் எளிதன்று, பல நாள் நானே அதிற் தோற்றிருக்கின்றேன்.

இதுவே என் அறிமுகம். மறுப்போர் மறுக்கலாம், விடையளிக்கக் காத்திருக்கின்றேன். நகைப்பை மட்டும் விடையென ஏற்கமாட்டேன்.