கடைசி ரயிலுக்குப் பிறகு

2023 ஜனவரி 28ஆம் தேதி இரவு புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்தில் ஏ.ஆர். ரஹ்மானின் இசை நிகழ்ச்சி. நான் அதற்குப் போகவில்லை. ஆனால் நிகழ்ச்சி முடிந்த பிறகு நடந்ததை, அரங்கத்துக்குச் சற்றுத் தள்ளியிருந்த ஒரு பெட்ரோல் நிலையத்தில் காருக்குள் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகச் சாலையோரம் நடந்து வந்தார்கள். முகத்தில் சந்தோஷம் இருந்தது. கையில் இருந்த கைப்பேசியில்தான் பேட்டரி இல்லை.

என் அக்கா மகளுக்காகக் காத்திருந்தேன். அப்போது அவள் சுங்கை பட்டாணியில் ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள். தோழிகள் மூவருடன் வந்திருந்தாள். நால்வரும் டிக்கெட்டைப் பல வாரங்களுக்கு முன்பே வாங்கிவிட்டார்கள். தங்கும் இடத்தைப் பற்றி யோசித்ததோ கடைசி வாரத்தில். அது சீனப் புத்தாண்டு வாரம். பெருநாள் 22ஆம் தேதி. ஊருக்குப் போனவர்களெல்லாம் தலைநகருக்குத் திரும்பும் வார இறுதியில்தான் நிகழ்ச்சியும் அமைந்தது. இடிஎஸ் ரயிலில் இடம் இல்லை. பேருந்தில் வந்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் இணையம் வழி பதிவு செய்திருந்த சிறிய விடுதிக்குப் போனால், "அந்த அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம், இன்னொரு அறை இருக்கிறது, விலை இரண்டு மடங்கு" என்றார்களாம். விடுதியின் பெயர் இங்கே வேண்டாம்.

மதியம் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையிலிருந்து அவள் எனக்குப் போன் செய்தாள். "மாமா, பையை மட்டும் உங்க வீட்ல வச்சிக்கலாமா?" பை எங்கே வந்தது, ஆள்தான் வந்தது. அன்று இரவு கிள்ளானில் என் வீட்டுக் கூடத்தில் நான்கு பாய் விரித்தோம். அதற்கு முன் அக்கா ஐந்து முறை அழைத்துவிட்டார். கடைசி அழைப்பில், "தம்பி, இனிமே இவள எங்கயும் அனுப்ப மாட்டேன்" என்றார்.

எனக்கு உறுத்தியது அந்த வார்த்தைதான். அறை கிடைக்காதது ஒரு ராத்திரிச் சங்கடம். ஆனால் அதனால் ஒரு பெண் பிள்ளைக்கு அடுத்த வாய்ப்பே போய்விடுகிறது. ஆண் பிள்ளைகள் விடிய விடிய ஏதாவது மாமாக் கடையில் ஒரு தே தாரிக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். முதல் ரயிலைப் பிடித்து வீடு போய்ச் சேர்ந்த பிறகு அதையே சாகசமாகச் சொல்வார்கள். மகள்களை அப்படி உட்கார வைக்க எந்தத் தாயும் ஒப்பமாட்டார். திட்டமில்லாத பயணத்தில் முதலில் நிறுத்தப்படுவது பெண் பிள்ளைகள்தான்.

கோலாலம்பூர் சின்ன ஊரா என்று நீங்கள் கேட்கலாம். தலைநகர் பெரியதுதான். ஆனால் நிகழ்ச்சி நடப்பது தலைநகர் முழுவதும் இல்லையே. 1998 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்ட அந்த அரங்கத்தில் 80,000 பேருக்கு மேல் அமரலாம். இசை நிகழ்ச்சியில் மேடையின் பின்பக்கத்தைக் கழித்துவிட்டாலும் ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை அங்கே கூடுகிறது. அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் வெளியேறி, ஒரே எல்.ஆர்.டி. நிலையத்தையும் சில சாலைகளையும் நம்பி நிற்கிறார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்குப் புக்கிட் ஜாலில் ஒரு சின்ன ஊர்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இது அதிகாரப்பூர்வக் கணக்கு அல்ல, என் மனக்கணக்கு. ஒரு ரயிலில் 1,000 பேர் ஏறலாம், ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 12,000 பேர் போகலாம். நகரத்தை நோக்கி 30,000 பேர் போக வேண்டுமென்றால் இரண்டரை மணி நேரம். நிகழ்ச்சி 11.30க்கு முடிந்தால் வரிசையின் கடைசி ஆள் ஏறும்போது மணி இரண்டு. பெரிய நிகழ்ச்சிகளின்போது எல்.ஆர்.டி. சேவையை நள்ளிரவுக்குப் பிறகும் நீட்டிப்பதுண்டு. மெச்சத்தக்க ஏற்பாடு. ஆனால் எந்தத் தடம், எத்தனை மணி வரை என்பதையும் படிக்க வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போகிறவர் மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கி கிளானா ஜெயா தடத்துக்கு மாற வேண்டும். அந்தத் தடம் நின்றுவிட்டிருந்தால் பாதி வழியில்தான் நிற்பார். கிள்ளானுக்குப் போகிறவர் நிலை இன்னும் மோசம். கேஎல் சென்ட்ரலிலிருந்து கிளம்பும் கொமுட்டர் நமக்காகக் காத்திருக்காது.

என் அக்கா மகளின் திட்டத்தில் இன்னொரு பிழையும் இருந்தது. அதைப் பலரும் செய்கிறார்கள். வெளியூர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கோலாலம்பூர் என்றாலே பிரிக்ஃபீல்ட்ஸ்தான். சாப்பாடு தெரியும், தெரு தெரியும், பக்கத்தில் கேஎல் சென்ட்ரல். ஆனால் அவர்கள் பேருந்தில் வந்து இறங்கிய டிபிஎஸ் நிலையம் பண்டார் தாசேக் செலாத்தானில் இருக்கிறது. அங்கிருந்து புக்கிட் ஜாலில் எல்.ஆர்.டி.யில் இரண்டாவது நிலையம். நடுவில் சுங்கை பீசி ஒன்றுதான். அந்தப் பக்கத்திலேயே அறை பார்த்திருந்தால் நிகழ்ச்சி முடிந்ததும் தடம் மாறாமல் போய்ச் சேர்ந்திருப்பார்கள். இல்லையென்றால் பை ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து, நள்ளிரவுக்குப் பிறகு டிபிஎஸ்ஸிலிருந்து புறப்படும் பேருந்தில் ஊருக்கே திரும்பியிருக்கலாம். பழகிய இடம் என்பதற்காக 15 கிலோமீட்டர் தள்ளிப் படுக்கை போட்டார்கள். சாதாரண நாளில் 20 வெள்ளிக்கு வரக்கூடிய அந்தத் தூரத்துக்கு அன்றிரவு இ-ஹெய்லிங் செயலி 70 வெள்ளி காட்டியது. அதற்கும் ஓட்டுநர் கிடைக்கவில்லை.

அறை விலை ஏன் இப்படி ஏறுகிறது? பொருளியல் படிக்கும் மாணவர்களுக்கு இது பாடப் புத்தகத்து உதாரணம். தேவை ஒரே இரவில் பல மடங்காகிறது. அறைகளின் எண்ணிக்கையை ஒரே இரவில் கூட்ட முடியாது. எனவே விலை மட்டும்தான் அசைகிறது. 2023 மே மாதம் ஸ்டாக்ஹோமில் பியான்சே தம் உலகச் சுற்றுப்பயணத்தைத் தொடங்கியபோது, விடுதிக் கட்டண உயர்வு சுவீடனின் அந்த மாதப் பணவீக்கக் கணக்கிலேயே தெரிந்தது என்று அங்குள்ள பொருளியலாளர் ஒருவர் சொன்னது உலகச் செய்தியானது. ஒரு நாட்டின் பணவீக்கத்தையே தொட முடியுமென்றால் ஒரு மாணவரின் பி.டி.பி.டி.என். பணம் எம்மாத்திரம்?

அதே ஆண்டு செப்டம்பர் 10ஆம் தேதி சென்னையில் நடந்ததும் பலருக்கு நினைவிருக்கும். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சி கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூரில் நடந்தது. பக்கத்தில் ரயிலே கிடையாது. எல்லாரும் அந்த ஒரு சாலையை நம்பினார்கள். டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே போக முடியாமல் திரும்பியவர்கள் ஏராளம். முதலமைச்சரின் வாகன வரிசையும் அந்த நெரிசலில் சிக்கியது. உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி ரஹ்மானே கேட்டுக்கொண்டார். நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொன்று உண்டு. அந்த நிகழ்ச்சி முதலில் ஆகஸ்டு 12ஆம் தேதி நடக்க வேண்டியது. மழையால் தள்ளிப்போனது. டிக்கெட் அடுத்த தேதிக்குச் செல்லும். ஆனால் வெளியூரிலிருந்து வர ஆகஸ்டில் போட்ட ரயிலும் அறையும் செப்டம்பருக்குச் செல்லாது. ஆகவே ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பாருங்கள், 20 வெள்ளி கூடுதலானாலும் சரி.

யாழ்ப்பாணம் உண்மையிலேயே சிறிய நகரம். 2024 பிப்ரவரி 9ஆம் தேதி முற்றவெளியில் ஹரிஹரனின் நிகழ்ச்சிக்குத் திரண்ட கூட்டம் தடுப்புகளைத் தாண்டிக் கட்டண இருக்கைப் பகுதிக்குள் புகுந்ததால் நிகழ்ச்சியே தடைப்பட்டது. ஊர் பெரியதோ சிறியதோ, வருகிறவர்களை எப்படி உள்ளே விடுவது, எப்படி வெளியே அனுப்புவது என்று யாராவது ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

யோசிக்கத் தெரியாத சமூகமா நாம்? ரஹ்மான் நிகழ்ச்சி நடந்த எட்டாம் நாள், பிப்ரவரி 5, தைப்பூசம். பத்துமலைக்கு வந்த கூட்டத்துக்கு முன்னால் புக்கிட் ஜாலில் கூட்டம் ஒன்றுமே இல்லை. ஆனால் தைப்பூசத்துக்கு இரவு முழுக்க கொமுட்டர் ஓடுகிறது. வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். பிள்ளையைத் தொலைத்தவர்களுக்கு ஒலிபெருக்கி. பாயை விரித்துப் படுக்கிறவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கோயில் நிர்வாகமும் காவல் துறையும் ரயில் நிறுவனமும் முன்கூட்டியே பேசிக்கொள்கின்றன. அது பக்தி, இது வியாபாரம், இரண்டும் ஒன்றா என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். சரியான கேள்வி. வியாபாரத்துக்குத் தர்மம் செய்யும்படி நான் யாரையும் கேட்கவில்லை. டிக்கெட் விற்கும் ஏற்பாட்டாளர், அதே பக்கத்தில் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் ஜொகூர் பாருவுக்கும் திரும்பிப் போகும் பேருந்துக்கும் டிக்கெட் விற்கட்டும். அதில் லாபமும் பார்க்கட்டும். நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடியும் என்பதை டிக்கெட் விற்கும் அன்றே அச்சிடட்டும். தொடங்கும் நேரம் எப்போதும் பெரிய எழுத்தில் இருக்கிறது. முடியும் நேரத்தைப் பெரும்பாலும் காணோம். எனக்கு அந்த நேரம் தெரிந்திருந்தால் பெட்ரோல் நிலையத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நாங்கள் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகள். தலைநகரில் நட்சத்திரக் கலைநிகழ்ச்சி என்றால் மணிமன்றத்து அண்ணன்மார் ஒரு பஸ் பிடிப்பார்கள். தலைக்கு இவ்வளவு என்று வசூல். போகும்போது பாட்டு, வரும்போது தூக்கம். ஏறும்போதும் இறங்கும்போதும் ஓர் அண்ணன் கதவோரம் நின்று தலையை எண்ணுவார். ஓர் ஆள் குறைந்தாலும் வண்டி நகராது. திட்டிக்கொண்டே காத்திருப்போம். இப்போது ஒவ்வொருவரும் தன் கைப்பேசியில் தனியாக டிக்கெட் வாங்குகிறோம், தனியாக அறை தேடுகிறோம். தலையை எண்ண ஆள் இல்லை.

மோசடிக்காரர்களுக்குத் தேவையானதும் அதுதான், தனியாக, அவசரத்தில் இருக்கும் ஒருவர். "கடைசி ஓர் அறை, இப்போதே முன்பணம் அனுப்புங்கள்" என்று வரும் செய்திக்குப் பணம் அனுப்பும் முன் அந்த வங்கிக் கணக்கு எண்ணைக் காவல் துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் தட்டிப் பாருங்கள். அரை நிமிட வேலை. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் வரை இருக்காதீர்கள். உடனே 997க்கு அழையுங்கள். 18 வயது ஆகாதவர்களுக்கு இன்னொரு செய்தி. பெரியவர் துணையில்லாமல் வந்தால் பல விடுதிகளில் அறை தரமாட்டார்கள். மைகார்டைப் பார்த்ததும் முகப்பில் இருப்பவர் கையை விரித்துவிடுவார். முன்பே போன் செய்து கேட்டுவிடுங்கள்.

இனி அக்கா மகளின் கதைக்கு வருகிறேன். அவள் இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். 2025 டிசம்பர் 27ஆம் தேதி அதே அரங்கத்தில் 'ஜனநாயகன்' பாடல் வெளியீட்டு விழா என்று அறிவிப்பு வந்ததும் அவள் முதலில் வாங்கியது டிக்கெட்டை அல்ல. சுங்கை பட்டாணியில் ஒரு பேருந்து நிறுவனத்திடம் விலை கேட்டாள். கிறிஸ்துமஸை ஒட்டிய வார இறுதி, பள்ளி விடுமுறை வேறு, விலை அதிகம்தான். 40 பேர் சேர்ந்தால் தலைக்கு 80 வெள்ளி, போகவும் வரவும். அறை வேண்டாம், பேருந்திலேயே தூங்கிக்கொள்ளலாம். பழைய பள்ளித் தோழிகள், அவர்களின் தம்பி தங்கைகள், இரண்டு ஆசிரியைகள் என்று 40 பேர் சேர நான்கு நாள் ஆனது. ஆசிரியைகள் வருகிறார்கள் என்றதும் மறுத்துக்கொண்டிருந்த பெற்றோர்கள் பலர் சம்மதித்தார்களாம். அக்காவும்தான்.

ஏறும் இடத்தை அரங்கத்தின் வாசலில் வைக்காமல் கொஞ்சம் நடந்து போகும் தூரத்தில் வைத்தாள். வாசலில் பேருந்து வந்து நிற்கவே ஒரு மணி நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. காகிதத்தில் 40 பெயர், ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் பெற்றோரின் எண். கைப்பேசியில் பேட்டரி போனாலும் காகிதத்தில் போகாது அல்லவா?

மறுநாள் மதியம் போன் செய்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்ததாம். ஆனால் இரண்டு பேர் பொருள் வாங்கும் வரிசையில் நின்றுவிட்டு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார்களாம். மற்ற 38 பேரும் அவர்களைத் திட்டிக்கொண்டே காத்திருந்தார்களாம். அடுத்த முறை காகிதத்தில் ஏறும் நேரத்தையும் எழுதி, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கப் போவதாகச் சொன்னாள்.