'ரிவர்ட்' யாருடைய பிழை?

கொண்டாப்பூரின் மென்பொருள் நிறுவனங்களுக்கு ஆட்களை அணியமாக்கும் ஆங்கிலப் பயிற்றுநர்கள் 'ரிவர்ட்', 'ப்ரீபோன்' போன்ற சொற்களைக் கண்டதும் அடித்துவிடுகின்றனர். மதிப்பெண் குறைவது மாணவருக்கு.

'மறுமொழி தருக' என்னும் பொருளில் 'ரிவர்ட்' இந்தியருக்கு மட்டும் உரியதன்று. சிங்கப்பூர், மலேசியச் சீனர்தம் அலுவல் கடிதங்களிலும் அது அப்பொருளிலேயே பயில்கிறது. 'ப்ரீபோன்' ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியில் ஏறிவிட்டது. 'டூ தி நீட்ஃபுல்' பிரித்தானியர் தாமே எழுதிக் கைவிட்ட தொடர். அவர்கள் மறந்ததற்கு நாம் குற்றவாளிகளா?

லண்டன் வாடிக்கையாளர் 'ரிவர்ட்' என்பதைப் 'பழைய நிலைக்குத் திரும்புதல்' எனக் கொள்ளக்கூடும் என்பது மெய்யே. எச்சொல் எவரிடம் எப்பொருள் தரும் என்பதையன்றோ கற்பிக்க வேண்டும்? அடிப்பது எளிது, கட்டணமும் கிடைக்கிறது.

இதே நகரில் 1958இல் தோன்றிய மத்திய ஆங்கில நிறுவனமே இன்றைய ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகம். இந்திய ஆங்கிலம் குறித்த ஆய்வேடுகள் கொண்டாப்பூர் வகுப்பறையை எட்டாதிருக்கையில், பழி பயிற்றுநர்க்கு மட்டுமா?